தினம் அரைப் போத்தல் ஒயில்

புஹாரிக்கு விடிவதே பிடிக்காமல் போய் எட்டு மாதமாகிறது. விடிந்தால் எழும்ப வேண்டும். எழும்பினால் ஸுப்ஹு தொழுத கையோடு காரிடம் போக வேண்டும். போனால் கார் பசியோடு நிற்கும். முழங்கால் வலி, முதுகு வலி, தோள்பட்டை வலி என்று ஐம்பத்தொன்பது வயதில் மூன்று பிள்ளைகளைச் சுமப்பது போதாதென்று, நாலாவதாக இந்தக் கார் வேறு பால் கேட்டு அழுதது. பால் அல்ல, ஒயில். காலைக்கு அரைப் போத்தல்.

அலுவிகாரையில் அவர் வீட்டை ஒட்டி ஏறுகிற ஒழுங்கைதான் காரின் படுக்கை. மூக்கைக் கீழே பெரிய ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல் அணையோடு, கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்டது போல நிற்கும். மாத்தளையில் அந்த வருஷம் பாதிக் கார்கள் அப்படித்தான் தூங்கின. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன 1973ஆம் வருஷம். பெட்டரி செத்தால் செத்ததுதான், மாற்றுக்கு வேறு கிடையாது. இரவில் சரிவில் நிறுத்தி, காலையில் கல்லை உருவி உருளவிட்டுக் கியரைப் போட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஹெண்டில் போட்டுச் சுற்றியும் கிளப்பலாம். சுற்றினால் கார் கிளம்பும். புஹாரியின் தோள்பட்டை அன்று முழுக்கக் கிளம்பாது.

வியாழக்கிழமை காலையும் அவர் பொனட்டைத் தூக்கினார். இஞ்சினின் பின்கோடியில் செருகியிருந்த ஒயில் கம்பியை உருவி, பழந்துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. கம்பியில் அளவுக்குக் கீறிய மேற்கோட்டுக்கும் அதற்கும் நடுவே பாலைவனம்.

“நேத்துத்தானே ஊத்தினேன்” என்று காரிடம் சொன்னார். அரைப் போத்தலைச் சரித்தார். குடித்துவிட்டுக் கார் பேசாமல் நின்றது.

கல்லை உருவினார், உருண்டது, பிடித்தது. அதற்குப் பிறகுதான் புகை.

அந்தப் புகையைக் குறைத்துச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அலுவிகாரை வளைவில் அது எழும்பினால் தம்புள்ளை பஸ்காரன் பட்டப்பகலில் லைட் போட்டான். கொடியில் வெள்ளையாகப் போட்ட சாரன்கள் நீலமாகி வீட்டுக்குள் போயின. ரோட்டோரத்துப் பலாமரத்துக் காகங்கள் இருமக் கற்றுக்கொண்டன. லக்கலக் காட்டுப் பக்கம் வாடகைக்கு ஹயர் போன ஒரு நாள், ரோட்டை மறித்து நின்ற கொம்பன் யானை ஒன்று புகையைக் கண்டு, தன்னைவிடப் பெரியது ஏதோ வருகிறதென்று பயந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓரமாய் ஒதுங்கி நின்றதாம். புஹாரி அதற்குச் சத்தியம் பண்ணவில்லை. மறுக்கவும் அவருக்குத் தெம்பில்லை.

டவுனில் ஹயர் கார் ஸ்டேண்டில் அவரை முதலில் கண்டவன், அண்ணன் முறையில் அவரை நானா என்று கூப்பிடும் பலீல். அவனும் ஹயர் ஓட்டுகிறவன்தான். ஆனால் அவனுடைய கார் கியர்பெட்டி உடைந்து மூன்று மாதமாய்க் கராஜில் கிடந்ததால், இப்போது மற்றவர்களுடைய கார்களைக் கிண்டல் பண்ணுவதே அவன் தொழில்.

“நானா, ரிங் மவுத்தாப் போய் எட்டு மாசமாச்சி. ஜனாஸாவ எப்ப எடுக்கிற?” என்றான், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

“ஒன்ட வாய்க்குத்தான் மொதல்ல ஒரு ரிங் போடணும்” என்றார் புஹாரி. சொல்லிவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டார். பதில் சொல்வதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

“வெளாட்டில்ல நானா. கராஜ் பாஸும் அதத்தானே சொன்னார்? பிஸ்டன் ரிங் தேஞ்சி, ஒயில் மேலேறி எரியிது. தொறந்து மாத்தணும். மாத்த ரிங் இல்ல. தொறந்தா தொறந்தபடியே கெடக்கும், என்ட கார் மாதிரி.”

“சரி, சரி.”

“கவலப்படாதீங்க நானா.”

புஹாரி கவலைப்படுகிற முகத்தோடு தலையாட்டினார். உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில், பால் விடாத பிளேன்டீக்குக் கடித்துக்கொள்ளும் கருப்பட்டித் துண்டு போல ஏதோ இனித்தது. இந்த இனிப்பை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். மனைவி ஸுபைதாவின் தம்பி அப்துல் ஸமத் யட்டவத்தையில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தான். தராசுக்குப் பக்கத்தில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டான். உட்கார! அந்தச் சொல்லைக் கேட்டதும் புஹாரியின் முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஆமீன் சொல்லின. கைவைத்த கதிரை, முன்னால் தராசு, பின்னால் சாக்கு மூட்டை. சாய்ந்தால் முதுகுக்கு மிளகு வாசனை. ஆனால் இருபத்தாறு வருஷமாக ஸ்டேண்டில், பள்ளிவாசலில், கல்யாண வீட்டில், மையித்து வீட்டில் அவர் சொல்லி வந்தது ஒன்று இருக்கிறது: “கார் ஓடுற வரைக்கும் புஹாரி ஓடுவான்.” லக்கலைக்கு மறுபேச்சில்லாமல் வருகிற ஒரே கார் அவருடையது. பிரசவமா, பாம்புக்கடியா, ஆளனுப்பினால் போதும். அப்படிப்பட்ட மனிதன், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அலுப்பு என்று சொல்வதா?

ஆகவே ஸமத்திடம், “கார் நிக்கிற அண்டைக்கி வாறேன் மச்சான்” என்றார். ஸமத்தும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வாறேன். ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் போடணும்” என்று சொல்லியனுப்பியிருந்தான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள். ரிங் போனது போனதுதான் என்று ஊரே சொல்கிறது. பழைய இரும்புக்காரனுக்கு ஆளனுப்பினால் முடிந்தது. கதிரை கிட்டத்தட்ட அவருடையது.

குறுக்கே நின்றவள் ஸுபைதா.

“இரும்புக்குக் குடுக்க முந்தி எல்கடுவ மாடசாமிக்கிட்ட ஒருக்காக் காட்டுங்க” என்று காலையில் சொல்லிவிட்டாள். “என்ட தையல் மெஷின எல்லாரும் வீசச் சொன்னாங்க. அவர்தானே ஓட வச்சாரு.”

“மெஷினும் காரும் ஒண்ணா புள்ள?”

“ரெண்டும் ஒயில் குடிக்கிது. போய் வாங்க.”

போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று சொல்ல வேண்டும். அதைவிடப் போவது லேசு. புஹாரி போனார்.

எல்கடுவை மலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் அறைக்குப் பொறுப்பு மாடசாமி. இருபது வருஷமாக இஞ்சின் சத்தத்தில் வாழ்ந்து, சத்தமில்லாத இடத்திலும் கத்தியே பேசும் மனிதர். அவர் “வாங்க” என்று கூப்பிட்டால் மாத்தளையில் இறங்கி நடந்துகொண்டிருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

“வாங்க நானா! பொகையப் பாத்தே நீங்கதான்னு தெரிஞ்சிச்சி! கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க மழை வருதுன்னு கூடையத் தூக்கிட்டாங்க!”

“ரிங் போச்சாம் மாடசாமி” என்றார் புஹாரி, மையித்து அறிவிக்கும் குரலில்.

“யாரு சொன்னா?”

“எல்லாரும்.”

“தொறந்து பாத்தாங்களா?”

“தொறக்காமலே சொன்னாங்க.”

மாடசாமி சிரித்தார். அறைக்குள் கூட்டிப்போய், பச்சை வண்ணம் பூசிய பெரிய டீசல் இஞ்சினைக் காட்டினார். அதன் பக்கவாட்டில் இரும்பு நத்தை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதுதான் டர்போ. பொகை வெளிய போற வேகத்துல உள்ளுக்குள்ள ஒரு சக்கரம் சுத்தும். அது காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். அம்மாடி, அது சுத்துற சுத்து! தண்டு ஒயில்லதான் மெதக்குது. மொத வருசம் இது குடிச்ச ஒயில ஊத்தியிருந்தா ஒங்க கார் மெதந்தே லக்கலைக்குப் போயிருக்கும். தொரை என்னையப் புடிச்சிட்டாரு. ஒயிலக் கொண்டுபோய் விக்கிறியான்னு கேட்டாரு.”

“பொறகு?”

“குத்தம் என் மேலதாங்க. சாயங்காலம் சங்கு ஊதுனதும் படக்குன்னு நிப்பாட்டிருவேன். இஞ்சினு நின்னா ஒயிலும் ஓடாம நின்னுரும். தண்டு நெருப்பா சூடா இருக்கும். நின்ன ஒயிலு அதுலயே கருகிக் கரியாயிரும். ஒயில வெளிய வுடாமப் புடிக்கிற சீலக் கரி அறுத்துச்சின்னா, ஒயிலு காத்தோட சேந்து உள்ள போய் எரிஞ்சிரும். இப்ப அஞ்சு நிமிசம் சும்மா ஓட வுட்டு, ஆறுனப் பொறகுதான் நிப்பாட்டுறேன். சீலு ஒண்ணு மாத்துனேன், அவ்வளவுதான். குடிக்கிறது நின்னு போச்சி. அதனால நானா, இஞ்சின் மேல வெரல நீட்ட முந்தி, ஆளு என்னா செய்றான்னு பாக்கணும்.”

“என்ட கார்ல அந்தச் சக்கரம் இல்லியே.”

“சக்கரம் இல்ல. ஆளு இருக்கீங்கள்ல!”

புஹாரிக்கு அந்தப் பேச்சு ரசிக்கவில்லை. தொழிற்சாலை முற்றம் கிரிக்கெட் விளையாடலாம் போன்ற சமதரை. காரை அங்கே நிறுத்தி அணைத்துவிட்டார்கள். மாடசாமி முன்னால் ஹெண்டிலைச் செருகி மெதுவாகச் சுற்றினார். பாதிச் சுற்றில் ஹெண்டில் அவர் கையை எதிர்த்துத் தூக்கியடித்தது.

“பாருங்க! ரிங்கு தேஞ்ச இஞ்சினு இப்பிடிக் கையத் தள்ளுமா? காத்த ஒரு சொட்டு வுடாமப் புடிச்சி வச்சிருக்கு. சரி, பொகை எப்ப வருது? எறக்கத்துல அக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு மறுபடி மிதிக்கிறப்ப மட்டுமா?”

“எந்நேரமும்.”

“அப்ப வால்வு பக்கமும் பெரிசா சந்தேகமில்ல.” கீழே குனிந்து பார்த்தார். இஞ்சினின் வயிறு முழுக்க ஒயில் வழிந்து, அதில் மாத்தளை மாவட்டத்துப் புழுதியெல்லாம் ஒட்டியிருந்தது. இஞ்சின் காற்று விடும் மூச்சுக் குழாயில் விரலை விட்டு எடுத்தார். விரல் கறுப்பாய்ச் சொட்டியது. “நானா, இது குடிக்கல. வாந்தி எடுக்குது.”

“என்னத்த?”

“இருங்க. ஒயிலு கீழ எறங்கட்டும். பிளேன்டீ குடிப்போம்.”

குடித்தார்கள். பத்து நிமிஷம் கழித்து மாடசாமி கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்துப் புஹாரியின் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். ஒயில் மேற்கோட்டைத் தாண்டி, இரண்டு விரல் உயரத்துக்கு ஏறி, இன்னும் ஏற இடம் தேடியது.

“கம்பிய மாத்தீட்டீங்க” என்றார் புஹாரி.

“இன்னொரு கம்பிய மடியில வச்சிருந்து மாத்துறதுக்கு நான் என்னா மந்திரவாதியா?”

“காலையில காஞ்சி கெடந்திச்சே! நான் என்ட கண்ணால பாத்தேன். அரைப் போத்தல் ஊத்தினேன்.”

“எங்க நிப்பாட்டிப் பாத்தீங்க?”

“வீட்டுல. ஒழுங்கையில.”

“சரிவுலயா?”

“பெட்டரி இல்லியே. சரிவுலதானே நிப்பாட்டணும்.”

மாடசாமி தன் கோப்பையில் மிச்சமிருந்த பிளேன்டீயைச் சாய்த்துப் பிடித்தார். தேநீர் கீழ்ப்பக்கம் ஒதுங்கியது. மேல்பக்க ஓரத்தில் ஓர் ஈர்க்குக் குச்சியை இறக்கி எடுத்துக் காட்டினார். காய்ந்திருந்தது.

“டீ கொறஞ்சிருச்சா நானா?”

புஹாரி கோப்பையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கார் ஒழுங்கையில் மூக்கைக் கீழே நீட்டி நிற்கும், ஒயிலெல்லாம் முன்னால் ஓடிவிடும், கம்பியோ பின்கோடியில்.

“பொகை எப்பத்திலிருந்து?”

“எட்டு மாசம்.”

“பெட்டரி செத்து?”

புஹாரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “எட்டு மாசம்.”

“அவ்வளவுதான்! நீங்க கூட ஊத்த ஊத்த, உள்ள சுத்துற தண்டு ஒயில அடிச்சி நொரையாக்கி மேல வீசுது. ரிங்கு எவ்வளவைத்தான் வழிச்சி எடுக்கும், பாவம்? மிச்சம் எரியுது, மூச்சுக் குழாயால வெளிய தள்ளுது. கூட ஊத்துனது செலவாகி முடிய விடிஞ்சிருது. நீங்க மறுபடி ஊத்துறீங்க. இனிமே சமதரையில நிப்பாட்டுங்க, பத்து நிமிசம் ஆறவுட்டுப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தாலே போதும். நல்ல இஞ்சினு நானா! இன்னும் பத்து வருசம் ஓடும்!”

பத்து வருசம் என்று மாடசாமி தன் வழக்கமான குரலில்தான் சொன்னார். மலைகள் அதை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் புஹாரிக்குத் திருப்பிச் சொல்லின. யட்டவத்தையில் தராசுக்குப் பக்கத்திலிருந்த கதிரை எழும்பி, தன் நாலு காலால் நடந்து, கடைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை அவர் கண்ணால் கண்டார்.

இஞ்சினுக்குக் கீழே அடைத்திருந்த ஆணியைக் கழற்றி ஒன்றரைப் போத்தல் ஒயிலை வடித்தெடுத்தார்கள். மாடசாமியே ஹெண்டில் சுற்றிக் கிளப்பிக் கொடுத்தார். மாத்தளைக்கு இறங்கும் வழியில் முதல் மூன்று மைல் புகை வந்தது. நாலாவது மைலில் மெலிந்தது. டவுனில் திரும்பும்போது புஹாரி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு பின்னால் ரோடு தெரிந்தது. அது பழைய ரோடுதான். எவ்வளவு நீளம்!

ஸ்டேண்டில் பலீல் இருந்த இடத்தை விட்டு எழும்பி வந்தான். சைலன்சருக்கு முன்னால் குனிந்து முகர்ந்தான். முகம் துடைக்கும் வெள்ளை லேஞ்சியை எடுத்துப் பிடித்தான். வெள்ளையாகவே திரும்பி வந்தது.

“ரிங் எங்க நானா கெடைச்சிச்சி? கொழும்புலயா? களவாவா?”

“ரிங்குமில்ல, கிங்குமில்ல.”

அவன் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. ஆனால் அஸர் தொழுகைக்குள் புஹாரியின் கார் சுகமாகிவிட்ட செய்தி பரவிவிட்டது. புகைக்குப் பயந்து ஒதுங்கியிருந்தவர்களெல்லாம் வரிசையாக வந்தார்கள். ஒருவருக்குக் கண்டிக்குக் கல்யாணப் பயணம், ஒருவருக்குத் தம்புள்ளையில் பெண் பார்க்க, இன்னொருவருக்கு உக்குவளைக்கும் யட்டவத்தைக்கும் மாறி மாறி. லக்கலையிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், நாளைக் காலையில் தங்கள் தாயை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றார்கள். போக மூன்று மணித்தியாலம், வர மூன்று மணித்தியாலம், நடுவில் யானை. புஹாரி எல்லோருக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் கழுத்தில் ஒரு நரம்பு சொடுக்கியது. ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் நாள் நிறைந்துவிட்டது.

வீட்டில் ஸுபைதாவிடம் நடந்ததைச் சொன்னார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள் அவள்.

“ம்” என்றார் அவர். அந்த ஒரு ம்-க்குள் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கூரையை யாரோ மேலே ஏற்றிக் கட்டி எழும்ப வேண்டிய தூரத்தைக் கூட்டிவிட்டது போல, கட்டிலிலிருந்து எழும்பவே அவருக்கு ஒரு யுகம் பிடித்தது. கார் ஒழுங்கையில்தான் நின்றது. பெட்டரி ஒன்றும் பிறந்துவிடவில்லையே. பொனட்டைத் தூக்கிக் கம்பியை உருவினார். காய்ந்திருந்தது. நுனியில் அதே கறுப்புப் பொட்டு.

உள்ளே ஒயில் போதுமான அளவு இருக்கிறதென்று இப்போது அவருக்குத் தெரியும். கோப்பையும் ஈர்க்கும் கண்ணுக்குள்ளேயே நின்றன. இருந்தும் கை ஒயில் போத்தலை எடுத்துவிட்டது. மூடியையும் திறந்துவிட்டது. ஊற்றினால் என்ன? அரைப் போத்தல் இன்று, அரைப் போத்தல் நாளை. லக்கல ரோட்டில் மறுபடி புகை கிளம்பும். மாடசாமி சொன்னது பிழை, ரிங்தான் என்று ஊர் சொல்லும். ஜும்ஆவுக்குப் பிறகு ஸமத் வந்தால், “கார் நிண்டு போச்சி மச்சான்” என்று சொல்லிவிடலாம். பொய்யும் அல்ல, அரைப் பொய்.

“இஞ்ச பாருங்க.”

ஸுபைதா பின்னால் நின்றாள்.

“ஊத்தப்படாதுண்டுதானே மாடசாமி சொன்னார்?”

“ம்.”

“பொறகு என்னத்துக்குக் கையில?”

புஹாரி போத்தலைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகச் சொல்லாத ஒரு சொல் தொண்டையில் வந்து, ஹெண்டில் போல எதிர்த்துத் தள்ளியது. உருண்டு, பிடித்து, கடைசியில் கிளம்பியது.

“எனக்கு ஏலாது புள்ள. காருக்கு ஏலும். எனக்குத்தான் ஏலாது.”

ஒழுங்கையில் ஒரு கோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

“இத வாயால சொல்லேலாமலா எட்டு மாசம் ஒயில ஊத்தினீங்க?”

“அது தெரியாம ஊத்தின.”

“இண்டைக்கு?”

“இண்டைக்கு தெரிஞ்சிதான்.”

ஸுபைதாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் முந்தானையால் ஒரே துடைப்பில் துடைத்தாள். போத்தலை அவர் கையிலிருந்து வாங்கி மூடியைப் போட்டாள்.

“கார் செத்தாத்தான் நீங்க குந்தணுமா? யார் போட்ட சட்டம் அது? என்ட தம்பிக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“லக்கல ஆக்கள் காத்துக்கிட்டு ஈக்காங்களே. நான் வாறேண்டு சொன்னேன்.”

“கார் வரும்டு சொல்லுங்க. சும்மா கெடக்கிறான் ஒருத்தன் ஸ்டேண்டுல, வாய் மட்டும் ஓடிக்கிட்டு.”

புஹாரி கல்லை உருவி உருளவிட்டார். இஞ்சின் பிடித்தது. புகையில்லாமல் ஸ்டேண்டுக்குப் போய்ச் சேர்ந்து, இஞ்சினை அணைக்காமல் இறங்கி, ஓட்டுகிற பக்கத்துக் கதவைப் பலீலுக்குத் திறந்து பிடித்தார்.

“லக்கலைக்கு நீ போ. இண்டைக்கி மட்டுமில்ல. இனி ஒன்ட கார் மாதிரி ஓட்டு. கணக்கு வழக்கெல்லாம் பொறகு பேசுவோம்.”

பலீல் ஏறவில்லை. “காருக்கு என்ன நானா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாத கார யாராச்சும் குடுப்பாங்களா?” பொனட்டைத் திறந்தான். கீழே படுத்துப் பார்த்தான். சக்கரத்தை உதைத்தான். கேட்க வேண்டிய சத்தம் எதுவும் கேட்காததால் அவன் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. “உண்மையச் சொல்லுங்க. எது போய்ட்டு?”

“நான்தான் போய்ட்டேன். நீ ஏறு.”

பலீல் ஏறினான். புஹாரி சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, பின் ஆசனத்தில் உட்கார்ந்தார். இந்தக் காரில் இருபத்தாறு வருஷத்தில் அவர் பின்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்த வேகத்தில் ஒரு ஸ்பிரிங் மேலே வந்து, குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்தியது.

“யா அல்லாஹ்! இதுலயா சனம் லக்கலைக்குப் போய் வந்தது?”

“ஒருத்தரும் சொல்லலியா நானா?”

“ஒருத்தரும் சொல்லல.”

“நீங்களும்தான் ஒண்ணும் சொல்றல்ல” என்றான் பலீல். “எங்க விடணும்?”

“ஊட்டுல விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ஜும்ஆ முடிய மச்சான் வாறான், இனி நான் தராசடியில குந்தப் போறேன். அந்தத் தாய முன்னுக்கு வை. பின்னுக்கு வைக்காத.”

வழக்கமாய் ஸ்டியரிங் இருக்கும் இடத்தில் இப்போது கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. புஹாரி கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்பிரிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். அவர்களுக்குப் பின்னால் மாத்தளை டவுன் ஒரு துளி நீலமில்லாமல் தெளிவாகத் தெரிந்தது. அலுவிகாரைக்கு இரண்டு மைல்தான். பாதி வழியில் பலீல் ஏதோ கேட்டான். கண்ணாடியில் பார்த்தான். வாயைப் பிளந்துகொண்டு, ஒவ்வொரு குழிக்கும் தலையாட்டியபடி, புஹாரி தூங்கிக்கொண்டிருந்தார்.